பில்லில் ஏறிய கப்பல் புகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் இல்லாத ஊரிலிருந்து ஒருவன் கப்பலைப் பற்றிக் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காமல் படியுங்கள். எங்கள் வேலூரில் படகு விடுகிற அளவுக்குத் தண்ணீர் நிற்பது கோட்டை அகழியில் மட்டும்தான். பாலாற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்களைக் கிண்டல் செய்வதற்கென்றே ஒரு பழைய வசனம் உண்டு. ஆனாலும் 27 வருடம் நான் சோறு தின்றது கப்பலை நம்பித்தான். காட்பாடியில் ரயிலேறி ஆம்பூருக்குப் போய், அங்கே ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பி.எல். (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் ரசீது) என்று காகிதங்களோடு குடும்பம் நடத்தினேன். கப்பலைக் கிட்டத்தில் பார்த்தது நாலைந்து முறைதான் இருக்கும். ஆனால் எது எந்தத் தேதியில் சென்னையை விட்டுக் கிளம்புகிறது, கொழும்பில் எத்தனை நாள் கிடக்கும், ஹாம்பர்க்கில் எப்போது சேரும் என்பதெல்லாம் என் பிள்ளைகளின் பரீட்சைத் தேதியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் இதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

இதை எழுத வைத்தது ஒரு பில். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், 2024 தொடக்கத்தில், சரக்கு அனுப்பும் ஏஜென்டிடமிருந்து வந்த பில்லில் வழக்கமான வரிகளோடு புதிதாக ஒன்று இருந்தது. கடல் கட்டணம், டெர்மினல் கட்டணம், பி.எல். கட்டணம், எண்ணெய் விலைக்கான கூடுதல் கட்டணம், அதற்குக் கீழே 'எமிஷன் சர்சார்ஜ்'. 40 அடி கண்டெய்னருக்குச் சில ஆயிரம் ரூபாய், அவ்வளவுதான். எதற்கு என்று சென்னைக்குப் போன் போட்டேன். அந்தப் பையன் சொன்னான்: "சார், அது புகைக்குக் காசு சார். ஐரோப்பா போற கப்பலுக்கு எல்லா லைனும் போட ஆரம்பிச்சிட்டாங்க." முதலாளியிடம் போய்ச் சொன்னால் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாம என்ன கப்பலா ஓட்டறோம்? கப்பல் அவங்களுது, எண்ணெய் அவங்களுது, புகைக்கு மட்டும் நாமளா?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இந்தக் கடிதம் கொஞ்சம் தாமதமான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம், புகை விடுவதற்கு அனுமதிச் சீட்டு வாங்கி விற்கும் தன் கார்பன் சந்தையில் கப்பல்களையும் 2024 ஜனவரி 1 முதல் சேர்த்துவிட்டது. 5,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல் அங்கே வந்தால், வெளியிலிருந்து வரும் பயணத்தில் விட்ட புகையில் பாதிக்கும், ஐரோப்பியத் துறைமுகங்களுக்குள்ளேயே ஓடினால் முழுவதற்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். 2024இன் புகையில் 40 சதவீதம், 2025இன் புகையில் 70 சதவீதம், 2026 முதல் 100 சதவீதம். கப்பல் கம்பெனி தன் பையிலிருந்தா கொடுக்கும்? பில்லில் ஏற்றுகிறது. எங்கள் ஏற்றுமதி பெரும்பாலும் எஃப்.ஓ.பி. முறை, கப்பல் கட்டணம் வாங்குபவர் தலையில்தான் விழும், நமக்கென்ன என்று நினைக்கலாம். அடுத்த சீசனுக்கு ரேட் பேச உட்காரும்போது அதே வாங்குபவர், கப்பல் செலவு ஏறிவிட்டது, ஜோடிக்கு இவ்வளவு குறை என்பார். சின்ன வாங்குபவர்களுக்கு நாங்களே கப்பல் கட்டணத்தையும் சேர்த்து விலை சொல்வோம், அங்கே நேராக நம் தலையில். சுற்றி வந்தாலும் நேரே வந்தாலும் அது ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுக்குத்தான் வந்து சேருகிறது.

நான் சர்சார்ஜை ஒழி என்று கேட்கவில்லை. அங்கேதான் என் முதலாளியோடு எனக்கு ஒத்துப்போகாது. கப்பல் புகை சின்ன விஷயம் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, ஐ.எம்.ஓ. என்பார்கள், லண்டனில் இருக்கிறது, அவர்களுடைய நான்காவது ஆய்வின்படி 2018இல் உலகக் கப்பல்கள் விட்ட, பூமியைச் சூடாக்கும் பசுமை இல்ல வாயு 107 கோடி டன்னுக்கும் மேல், மனிதர்கள் விடும் மொத்தத்தில் கிட்டத்தட்ட 3 சதவீதம். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்துவதற்கு லாரியைவிடக் கப்பல் எவ்வளவோ மேல் என்பதும் உண்மை, விமானத்தைச் சொல்லவே வேண்டாம். ஆனால் சரக்கு அவ்வளவு அதிகம், தூரம் அவ்வளவு அதிகம். இத்தனைக்கும் அது யார் கணக்கிலும் கிடையாது. 1997இல் ஜப்பானின் கியோட்டோவில் நாடுகள் உட்கார்ந்து யார் எவ்வளவு குறைப்பது என்று பேசியபோது, நாடு விட்டு நாடு போகும் கப்பலின் புகையை யார் பேரில் எழுதுவது என்று முடிவாகாமல் அதை ஐ.எம்.ஓ.விடம் தள்ளிவிட்டார்கள். எண்ணெய் போட்ட நாடா, கொடி கட்டிய நாடா, சரக்கு அனுப்பிய நாடா, வாங்கிய நாடா? இன்றைக்கும் எந்த நாடும் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மொத்தக் கணக்கில் அது சேராது, தனியாக ஓரத்தில் ஒரு குறிப்பாக நிற்கும்.

யார் கணக்கிலும் இல்லாத அழுக்கு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் பெரியப்பாவுக்கு வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பாலாற்றோரம் ஒன்றரை ஏக்கர் தென்னை இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது அந்தக் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி என் மனைவியை அங்கே கூட்டிப்போனபோது அதே கிணற்றுத் தண்ணீர் நீர்த்துப்போன டீ நிறத்தில் இருந்தது. வாளியின் இரும்புப் பிடி செதில் செதிலாக உதிர்ந்தது. இளநீர் வெட்டினால் கைக்குள் அடங்கிற அளவுக்குக் காய், அதிலும் உப்புக் கரித்தது. பெரியப்பா யாரையும் திட்டவில்லை, அந்தக் காயைத் தூக்கி வேலியோரம் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார். மேலே எந்தத் தொழிற்சாலை விட்ட தண்ணீர் அது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், நான் பெயர் சொல்லப்போவதில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டுச் சோறும் அதே தோலிலிருந்துதான் வந்தது, அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் யோக்கியன் வேஷம் போடுவதாக ஆகும்.

தோல் கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் தோல் விலை இருந்தது, தோல் பதனிடும் குரோமியத்தின் விலை இருந்தது, கூலி இருந்தது. பெரியப்பாவின் கிணறு இல்லை. அதைக் கணக்கில் ஏற்றியது ஒரு வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவர்தான் அதன் செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும், இந்த இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பாகம் என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. இன்றைக்கு இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள், சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்யாதவற்றை மூடச் சொன்னார்கள். அப்படியும் வேலை முடியவில்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்று விவகாரத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, மேற்பார்வைக்குக் குழு போடு என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். கோர்ட் உத்தரவு வருவதற்கு முன்னாலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு போட்டு, குழாய் இழுத்து வைத்தவர்கள் தப்பித்தார்கள். அது அப்படியே இழுத்தடிக்கும், வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இருந்தவர்களின் கதவுக்கு சீல் விழுந்தது. அவர்களிடம் தோல் உரசிக்கொண்டிருந்த கூலியாள் மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். விதி எப்படியும் வந்தே தீரும், திட்டம் போட்டு வரவேற்கிறோமா, சீல் வைத்த பிறகு ஓடுகிறோமா என்பதுதான் கேள்வி. கப்பல் விஷயத்திலும் இதையேதான் சொல்கிறேன். நாட்டுக்கு ஒரு திட்டம் வேண்டும், அதில் எங்களைப் போன்ற உள்ளூர்களும் இருக்க வேண்டும்.

திட்டமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2020 நவம்பரில் ஐ.எம்.ஓ. ஒரு தீர்மானம் போட்டது. ஒவ்வொரு உறுப்பு நாடும் கப்பல் புகையைக் குறைக்கத் தானாக முன்வந்து ஒரு தேசியச் செயல்திட்டம் எழுதிக் கொடுக்கலாம் என்றது. சட்டத்தைச் சரிசெய்வது, கப்பலின் எரிபொருள் சிக்கனம், புது எரிபொருள், துறைமுகத்துப் புகை, ஆட்களுக்குப் பயிற்சி, அண்டை நாடுகளோடு ஒத்துழைப்பு எல்லாம் அதில் வரலாம். கட்டாயம் இல்லை. நம் பக்கத்திலும் காகிதம் நிறையவே இருக்கிறது. 2021இல் 'கடல்சார் இந்தியா தொலைநோக்கு 2030'. 2023 மே மாதம் 'ஹரித் சாகர்' என்ற பசுமைத் துறைமுக வழிகாட்டி, கையாளும் ஒரு டன் சரக்குக்கு ஆகும் கார்பனை 2030க்குள் 30 சதவீதமும் 2047க்குள் 70 சதவீதமும் குறைக்கச் சொல்கிறது. 2024 ஆகஸ்டில் பசுமை இழுவைப் படகுத் திட்டம்: டீசலில் ஓடும் டக் படகுகளை 2040க்குள் மாற்றிவிட வேண்டும், முதல் கட்டமாக நான்கு பெரிய துறைமுகங்கள் தலா குறைந்தது இரண்டு பசுமைப் படகு எடுக்க வேண்டும். அதில் தூத்துக்குடியும் ஒன்று. அதே தூத்துக்குடியைப் பசுமை ஹைட்ரஜன் (வெயில், காற்று மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பது) மையமாகவும் அறிவித்திருக்கிறார்கள், கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த ஹைட்ரஜன் படகை 2024 பிப்ரவரியில் பிரதமர் அங்கே வைத்துத்தான் தொடங்கி வைத்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வ.உ.சி. வெள்ளைக்காரனுக்குத் தண்ணி காட்டிய ஊர் அது, அவர் பேரில் இருக்கும் துறைமுகம் இதில் முந்தி நிற்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் இந்தக் காகிதங்களை அடுக்கி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் துறைமுகத்தின் மதில் சுவரோடு நின்றுவிடுகிறது. கிரேன் மின்சாரத்தில் ஓடும், டக் பேட்டரியில் ஓடும், கூரையில் சோலார் வரும், எல்லாம் சரி. டக் இழுத்து விட்டபிறகு நடுக்கடலில் ஓடுகிறதே அந்தப் பெரிய கப்பல், அது? நம்முடைய வெளிநாட்டு வணிகச் சரக்கில் இந்தியக் கப்பல் சுமப்பது வெறும் 5 சதவீதம் என்று 2025 செப்டம்பரில் பவநகரில் பிரதமரே சொன்னார். வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கு நாம் வருடத்துக்கு 6 லட்சம் கோடி ரூபாய் அளவுக்குக் கொடுக்கிறோம் என்றும் சொன்னார். அதற்குச் சில நாள் கழித்துக் கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் தொகுப்பை அமைச்சரவை ஒப்புக்கொண்டது. நல்லது. கட்டப்போகும் கப்பல் 25 வருஷம் ஓடும் சாமான். இன்றைக்குக் கனரக எண்ணெய்க்கு மட்டும் தோதான எஞ்சின் வைத்துக் கட்டினால் 2050 வரை அதையே கட்டி அழ வேண்டும். அதனால் கப்பல் கட்டும் பணம், எரிபொருள் திட்டம், துறைமுகம், ஏற்றுமதியாளர் மீது ஏறும் கட்டணம், நாலையும் ஒரே மேஜையில் வைத்து வருஷ வாரியாகக் கணக்குப் போட்ட ஒரே புத்தகம் வேண்டும். அப்படி ஒன்று தமிழில் என் கண்ணில் படவில்லை, யாரிடமாவது இருந்தால் உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பா வசூலிப்பது ஐரோப்பாவிலேயே தங்கிவிடுகிறது. உலகம் முழுவதற்கும் ஒரே விதி வந்தால், வசூலாகும் பணத்தில் நமக்கும் பங்கு கேட்கலாம். அதைத்தான் ஐ.எம்.ஓ. செய்யப் பார்த்தது. 2023 ஜூலையில் எல்லா நாடும் சேர்ந்து, 2050 வாக்கில் நிகர பூஜ்யம் (விடும் புகையும் ஈடு செய்யும் புகையும் சமமாவது), 2030க்குள் 2008ஐவிடக் குறைந்தது 20 சதவீதம், 2040க்குள் குறைந்தது 70 சதவீதம் குறைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பல் வைக்க, அளவுக்கு மேல் புகை விடும் கப்பல் டன்னுக்கு 100 முதல் 380 டாலர் வரை கட்ட வேண்டும் என்ற வரைவு 2025 ஏப்ரலில் 63க்கு 16 என்ற ஓட்டில் தேறியது, இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது. அக்டோபரில் இறுதியாக ஏற்க வேண்டிய கூட்டத்தில் அமெரிக்கா முட்டுக்கட்டை போட, சவூதி ஒத்திவைக்கச் சொல்ல, 57க்கு 49 என்ற ஓட்டில் ஓராண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் சில ஏற்றுமதியாளர்கள் இதைக் கேட்டு அப்பாடா என்றார்கள். எதற்கு அப்பாடா? லண்டன்தான் ஒத்திவைத்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸ் ஒத்திவைக்கவில்லை. பில்லில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது, ஏறிக்கொண்டும் இருக்கிறது, நமக்கு வரவேண்டிய பங்குதான் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

எரிபொருளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஹைட்ரஜன், அம்மோனியா என்று மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். கப்பல் எண்ணெய் என்றால் என்ன என்று பார்க்க விரும்பினால் 2017 ஜனவரிக் கடைசியில் எண்ணூருக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது நான் கண்டெய்னர் விஷயமாகச் சென்னையில் இருந்தேன், மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒருவரோடு கரைக்குப் போனேன். அலையே அடிக்கவில்லை, கறுப்புக் களியாகப் புரண்டது. பையன்கள் வரிசையாக நின்று பிளாஸ்டிக் பக்கெட்டில் அள்ளிக் கைமாற்றினார்கள். ஒரு மீனவப் பெண் காலில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார், போகவில்லை. அந்தக் களியைச் சூடாக்கி இளக்கித்தான் எஞ்சினுக்குள் விடுகிறார்கள். அதற்கு மாற்று வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அதே எண்ணூரில் 2023 டிசம்பர் ராத்திரியில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்ததும் நடந்தது. கப்பலுக்கு அம்மோனியா நிரப்பும் துறைமுகம் என்று திட்டம் எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே சுற்றியுள்ள குப்பத்துக்கு என்ன பாதுகாப்பு என்று எழுத வேண்டும், பின்னிணைப்பில் அல்ல. இன்னொன்று தண்ணீர். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் கணக்குப்படியே 9 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். தூத்துக்குடிச் சீமையில் குடிநீருக்கே பாடு, கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கட்டும், குடிதண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று திட்டத்திலேயே எழுதிவிடட்டும். பாலாற்றுக்காரன் தண்ணீர் பற்றிக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

புது எரிபொருள் வரட்டும், வர பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். இன்றைக்கே கையில் இருப்பது வேகம். கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் எஞ்சினுக்கு வேண்டிய சக்தி கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும், பயணம் நீளுவதைக் கழித்தாலும் மொத்த எரிபொருளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அப்படியிருந்தும் என்ன நடக்கிறது? ராத்திரி மெரினாவில் உட்கார்ந்தால் தூரத்தில் வரிசையாக விளக்குத் தெரிகிறதே, சின்னப் பிள்ளைகள் ஊர் என்று நினைக்கும், அது துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். எண்ணெயை எரித்து வேகமாக ஓடி வந்து இங்கே நின்று, விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் இன்னும் எண்ணெய் எரிக்கும். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோமே, அதே கதை. உனக்கு இத்தனை மணிக்குத்தான் இடம், மெதுவாக வா என்று துறைமுகம் நான்கு நாள் முன்னால் சொல்லிவிட்டால் போதும். கேட்டால் ஒப்பந்தம் அப்படி, முதலில் வந்தவனுக்கு முதல் இடம் என்பார்கள். ஒப்பந்தத்தை மாற்றுவதற்குத்தானே அரசாங்கம் இருக்கிறது. கரைக்கு வந்து கட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் அந்த எஞ்சினையும் அணைத்துவிடலாம், டக் படகுகளுக்கும் சின்னக் கப்பல்களுக்கும் மட்டும் இல்லாமல் பெரிய கண்டெய்னர் கப்பலுக்கும் அது வர வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால் எங்களுக்கு நாள் கூடும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், 2023 டிசம்பரிலிருந்து கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின, பத்துப் பதினாலு நாள் கூடிப்போனது. குளிர்கால ஷூ கடைக்கு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வாங்குபவர் பாதி விலைக்குக் கேட்பார், இல்லை "பிளைட்ல அனுப்பு, உன் செலவு" என்பார். ஒரு தடவை அப்படி 3,000 ஜோடியை விமானத்தில் ஏற்றினோம். லாபம் போனது ஒரு பக்கம், அதே ஜோடிகளைக் கப்பலில் அனுப்பியிருந்தால் ஆகும் புகையைவிடப் பல மடங்கு புகை இன்னொரு பக்கம். அதனால்தான் சொல்கிறேன், கப்பல் மெதுவாகப் போக வேண்டும் என்றால், ஆர்டர் கொடுக்கும் ஐரோப்பியக் கடைக்காரர் இரண்டு வாரம் முன்னால் ஆர்டர் கொடுக்க வேண்டும். இதை ஆம்பூர்க்காரர் தனியாகக் கேட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். வர்த்தக ஒப்பந்தம் பேசப் போகும் டெல்லி அதிகாரிதான் கேட்க வேண்டும், கேட்பதற்கு அவர் கையில் ஒரு தேசியத் திட்டம் இருக்க வேண்டும்.

மாநில அரசு இதில் எனக்கென்ன என்று இருக்க முடியாது. பூம்புகார் கப்பல் கழகம் நம்முடையது, மின்வாரியத்துக்கு ஒடிசா, ஆந்திரப் பக்கத்திலிருந்து நிலக்கரியை எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கப்பலில் கொண்டுவருவது அதுதான், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதும் அதுதான். இந்த உள்நாட்டுக் கப்பல் புகை நம் நாட்டுக் கணக்கிலேயே வருகிறது, யார் கணக்கு என்ற வம்பே இல்லை. கப்பல் வாடகைக்கு எடுக்கும் டெண்டரில் ஒரே ஒரு வரி, எரிபொருள் சிக்கனத் தரம் இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்று சேர்த்தால் போதும். நாடு விட்டு நாடு போகும் பெரிய கப்பல்களுக்கு 2023 முதல் ஐ.எம்.ஓ. விதிப்படி ஏ முதல் ஈ வரை கிரேடு போட்டுத்தான் வைக்கிறார்கள், பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி. கன்னியாகுமரிப் படகை மின்சாரமாக்கலாம், தூரம் கையெட்டும் தூரம்தான். நார்வேக்காரர்கள் படகு டெண்டரில் சுற்றுச்சூழலுக்கு நல்ல படகு வேண்டும் என்று கேட்டு, 2015லேயே கார் ஏற்றும் மின்சாரப் படகு ஓட விட்டார்கள். பக்கத்துக் கொச்சியில் 2023இலிருந்து மின்சாரப் படகில் ஜனங்கள் ஆபீஸ் போகிறார்கள். நமக்கு அது என்ன எட்டாக் கனியா?

லாரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்டெய்னர் லாரி ராத்திரி கிளம்பி, வாலாஜா, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டித் துறைமுக வாசல் வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும், டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குவார். ஆம்பூர் ஸ்டேஷன் வழியாகத்தான் சென்னை ரயில் பாதையே போகிறது, அதில் நான் 27 வருஷம் போய் வந்தேன், எங்கள் ஷூ ஒரு நாளும் ரயிலில் வந்ததில்லை. கப்பல் திட்டம் என்பது துறைமுகத்தில் தொடங்கக் கூடாது, தொழிற்சாலைக் கதவில் தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்வது. அப்புறம் சின்ன ஏற்றுமதியாளர்களின் சர்சார்ஜில் ஒரு பகுதியையாவது சில வருஷத்துக்குத் திருப்பிக் கொடுத்தால், வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களின் கூலியில் கை வைக்க யாருக்கும் சாக்கு இருக்காது. முதலில் வெட்டு விழுவது அங்கேதான், அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

போன மாதம் பழைய ஆபீசுக்கு ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது குடியாத்தத்துப் பெண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, கெட்டிக்காரி. "அங்கிள், இந்த எமிஷன் சார்ஜை எந்த ஹெட்ல போடறது? ஆடிட்டரைக் கேட்டா அவருக்கும் தெரியல" என்று கேட்டது. நீ எங்கே போட்டு வைத்திருக்கிறாய் அம்மா என்று கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியது. டீ, காபி, கூரியர், பூஜைச் சாமான் எல்லாம் இருக்கும் 'இதர செலவுகள்' என்ற தலைப்பில், கடைசி வரியாக இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஏற்றுமதிப் பிரிவு ஊழியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.